சட்டைக்குள் வந்த கடைசிப் பக்கம்

“மடிச்சு வெச்சியே, மடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வரி படிச்சுப் பாத்தியாய்யா? கண்ணு எதுக்கு இருக்கு, காலர் பாக்க மட்டுந்தானா?”

“அக்கா, கத்தாதீங்க. வெறும் பேப்பர்னு நெனச்சுத்தான் வெச்சேன்.”

“பேப்பரா? எம் புருஷனோட மானம்யா அது! இஸ்திரி போட்டு வீடு வீடா அனுப்பி வெச்சிருக்க!”

வக்கீலம்மா பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையில் திரும்பியபோது சண்டை இந்தக் கட்டத்தில் இருந்தது. வக்கீலம்மா என்பது தெரு வைத்த பெயர். அவள் படிப்பது சட்டமல்ல, கல்லூரியில் சினிமா ஆய்வு, இரண்டாம் ஆண்டு. ஆனால் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, லிஃப்ட் நின்றுபோனாலும் சரி, விரலை மடக்கி மூன்று காரணம் சொல்லாமல் அந்த வாய் ஓயாது. வேறென்ன பெயர் வைப்பது?

லாண்டரி வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் நின்று கத்துவது தன் அம்மா என்று அவளுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அம்மாவின் கையில் ஒரு தாள் படபடத்தது. அதன் அடியில் தன் பெயரும் வகுப்பு எண்ணும் இருப்பதைக் கிட்டே போய்த்தான் பார்த்தாள்.

லாண்டரிக்காரருக்கு ஒரு பழக்கம். தேய்த்த சட்டையை மடிக்கும்போது முதுகுப்பக்கம் ஒரு தாளை வைத்து மடிப்பார். சட்டை விறைப்பாக நிற்கும், கடையில் வாங்கிய புதுசு மாதிரி இருக்கும். தாள் பக்கத்துப் பிரிண்ட் கடையிலிருந்து வரும். அதை நடத்துபவர் அவருடைய மச்சான். அங்கே பாழாகிற தாளெல்லாம் சாயங்காலமானால் இங்கே வந்துவிடும். இப்படி வருஷக்கணக்காக யாருடைய வாடகைப் பத்திரத்தையோ, யாருடைய ரத்தப் பரிசோதனையையோ முதுகில் வைத்துக்கொண்டுதான் தெருவிலுள்ள சட்டைகள் வீடு திரும்பின. அதையெல்லாம் யாரும் படிப்பதில்லை என்று லாண்டரிக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். இத்தனை வருஷமாகக் கடை வைத்தும் தெருவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முந்தின நாள் நடந்தது இது. வக்கீலம்மா நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை பிரிண்ட் கடைக்கு அனுப்பியிருந்தாள். ஒரு காப்பி போதும். பிரிண்ட் கடைக்காரர் அதற்குச் சற்று முன்னால்தான் டியூஷன் டீச்சரின் கேள்வித்தாளை முப்பது காப்பி போட்டிருந்தார். எண்ணை மாற்ற மறந்து பொத்தானை அமுக்கிவிட்டார். அந்த இயந்திரம் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிற ரகம். அவர் பதறிப்போய் நிறுத்துவதற்குள் நான்காம் பக்கம் மட்டும் முப்பது வெளியே வந்து விழுந்துவிட்டது. ஒன்றை அவளுடைய கட்டுரையில் சேர்த்தார். இருபத்தொன்பதை மச்சானுக்குக் கொடுத்தார். பாழான தாள் மச்சானுக்கு என்பது அவர்கள் வீட்டுச் சட்டம்.

“இங்க வாடி,” என்றாள் அம்மா. குரல் திடீரென்று இறங்கியிருந்தது. இறங்கிய குரல்தான் ஆபத்து என்று தெருவுக்கே தெரியும். “இது உண்மையா? உங்கப்பாவ சூப்பர்மார்க்கெட்ல சட்டையக் கழட்டச் சொன்னானா?”

மூன்று காரணம் சொல்கிற வாய்க்கு அன்று ஒன்றுகூட அகப்படவில்லை.

“எங்கிட்ட ஏசி ஒத்துக்கலன்னுதானே சொன்னாரு?”

அம்மா அதை அப்படியே நம்பியிருந்தாள். சூப்பர்மார்க்கெட்டில் அலமாரிகளில் சாமான் அடுக்குகிற வேலையை அப்பா விட்டு இரண்டு வருஷமாகிறது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அன்றிலிருந்து அம்மா அவரைக் கூப்பிடுவது ‘குளிர் தாங்காத ராசா’. சொந்தக்காரர்கள் வந்தால் அவர்கள் முன்னாலும் அதே பெயர்தான். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

“மணி என்ன?” என்று கேட்டாள் அம்மா.

“நாலே கால்.”

“ஆறு மணிக்கு மனுஷன் பஸ் டிப்போ வேலை முடிஞ்சு வந்துடுவாரு. அதுக்குள்ள ஒரு தாள் வெளிய இருக்கக் கூடாது. எந்தெந்த வீட்டுக்குப் போச்சுன்னு இந்த ஆள்கிட்ட கேளு. போ. நீ எழுதினதத்தானே பொறுக்கற, போ!”

கட்டுரையின் தலைப்பு ‘சூப்பர்ஹீரோ படத்தில் அவமானம்’. வகுப்பில் எல்லாருக்கும் ஒரே படம். ஒரு நகரத்துப் பாலம் இடிந்து விழப்போகிறது, ஹீரோ பறந்து வந்து அதைத் தோளில் தாங்குகிறான். தாங்குகிற வேகத்தில் அவன் உடை பின்பக்கம் கிழிந்துவிடுகிறது. கீழே நிற்கிற கூட்டம் சிரிக்கிறது. அவன் ஒரு கையால் கிழிசலை மூடிக்கொண்டு மறுகையால் பாலத்தைப் பிடிக்கிறான், பாலம் சரிகிறது. தியேட்டரிலும் ஒரே சிரிப்பு.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டு எண்ணினாள். மொத்தம் பதினோரு ஷாட். ஏழில் கிழிசல். மூன்றில் பாலம். ஒன்றில் ஹீரோவின் முகம். சிரிப்பவர்களின் முகம் ஒரு ஷாட்டில்கூட இல்லை, சத்தம் மட்டும்தான். ‘கிழிந்தவனை ஏழு தடவை காட்டுகிற கேமரா, சிரித்தவனை ஒரு தடவையும் காட்டவில்லை. இந்தப் படத்தில் அவமானம் என்பது பார்க்கப்படுகிறவனுக்கு மட்டுமே உரியது, பார்க்கிறவனுக்குக் கிடையாது’ என்று கோபமாக மூன்று பக்கம் எழுதினாள். ஆசிரியை படித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: இதில் நீங்கள் எங்கே?

அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் நான்காம் பக்கத்தை எழுதினாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு மாலை. ஷேவிங் பிளேடு பாக்கெட் ஒன்று காணவில்லை. வாசலில் திருட்டைக் காட்டிக்கொடுக்கிற கருவி கத்துகிறது. மேனேஜர் அப்பாவின் பையைப் பணம் கட்டுகிற கவுண்டர்மேல் கவிழ்க்கிறார். சாப்பாட்டு டப்பா, முழங்காலுக்குக் கட்டுகிற பட்டை, பாதி தேய்ந்த சோப்பு, மாத்திரை போட்டு வைத்திருந்த அவளுடைய பழைய பென்சில் டப்பா. பிறகு சட்டை. உள்ளே பனியனில் இரண்டு இடத்தில் ஓட்டை. ஒன்று விடாமல் எழுதினாள். எழுதும்போது அழுதாள், அழுதுவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டாள். லாண்டரிச் சண்டைக்கு மறுநாள் காலைதான் அதை வகுப்பில் கொடுக்க வேண்டும்.

அதில் ஒன்று மட்டும் இல்லை. அன்று அவள் நின்ற இடம்.

லாண்டரிக்காரரின் அலமாரியில் பதினொரு தாள் மிச்சமிருந்தது. அம்மா கையில் ஒன்று. பதினாறு, ஏழு வீடுகளில் சட்டைக்குள் போயிருப்பதாக அவர் கணக்குச் சொன்னார். வக்கீலம்மா படியேறினாள்.

இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. கதவைத் திறந்ததுமே, “வாம்மா, எழுத்தாளரே!” என்றார். நான்கு சட்டை, நான்கு தாள். நான்கையும் மேசைமேல் அடுக்கி, கனம் வைத்து, பத்திரமாக வைத்திருந்தார். “உருக்கமா எழுதியிருக்க. அந்தப் பனியன் வர்ற எடத்துல எனக்கே தொண்டைய அடைச்சிடுச்சு. வீட்ல அவளுக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன்.”

“குடுங்க சார்.”

“அன்னிக்கே மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. என்ன பண்றது?”

“அன்னிக்கேவா?”

“தெருவே பேசுச்சேம்மா. உங்க வீட்ல மட்டுந்தான் பேசல. நாகரிகமா இருக்கணும்னு நாங்களும் வாயத் தெறக்கல.”

அவள் தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினாள். நாகரிகமாம். இரண்டு வருஷம். அம்மா தண்ணீர்க் குழாயடியில் நின்று ‘எங்க வீட்டுக் குளிர் தாங்காத ராசா’ என்று சொல்லும்போதெல்லாம் சுற்றி நின்று சிரித்தார்களே, அத்தனை பேரும் தெரிந்து வைத்துக்கொண்டா சிரித்தார்கள்?

ஆமாம், தெரிந்து வைத்துக்கொண்டுதான்.

அடுத்தது டியூஷன் டீச்சர். சோபாவில் அவருடைய மகனின் சட்டைகள் மூன்று. தாள்களை ஏற்கெனவே எடுத்து, நான்காக மடித்து, எழுத்து வெளியே தெரியாமல் ஒரு உறைக்குள் போட்டு வைத்திருந்தார். அந்த உறையைப் பார்த்ததும்தான் வக்கீலம்மாவுக்கு இன்னும் எரிந்தது.

“நான் அன்னிக்கு அங்கதான் இருந்தேன்மா,” என்றார் டீச்சர், குரலைத் தாழ்த்தி. “மூணாவது ஆளா நின்னேன். கூடை நெறைய சாமான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? வேற கவுண்டருக்கு மாறிட்டேன். உங்கப்பா என்னப் பாத்துடக் கூடாதேன்னு.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே டீச்சர். ‘என்னப்பா பண்ற, அவர எனக்குத் தெரியும்’னு. முப்பது பிள்ளைங்கள அதட்டற குரல்தானே உங்களுது?”

“கேட்டா எல்லார் கண்ணும் இந்தப் பக்கம் திரும்பும். உங்களுக்குத்தான் இன்னும் அசிங்கம்.”

“எங்களுக்கா? ஏன் எங்களுக்கு? நாங்க என்ன எடுத்தோம்?”

டீச்சர் உறையை நீட்டினார். “தண்ணி குடிக்கிறியா?” என்று கேட்டார். அவள் குடிக்கவில்லை.

மற்ற வீடுகளைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் பாத்திரம் வைக்கும் தட்டில் அதை விரித்திருந்தார்கள். ஒரு வீட்டில் மருமகள் கொடுக்க மறுத்தாள், இன்னும் மாமியார் படிக்கவில்லையாம்; பிடுங்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. எல்லா வீட்டிலும் அதே பரிதாப முகம், அதே ‘எங்களுக்குத் தெரியும்மா’. ஐந்தே முக்காலுக்கு அவள் கையில் பதினைந்து தாள் சேர்ந்திருந்தது. மிச்சம் ஒன்று. அது மேனேஜர் வீட்டில்.

ஆமாம், அதே மேனேஜர். எதிர்க் கட்டடத்தில் நான்காம் மாடி. அவர் சட்டையும் இந்த லாண்டரிக்குத்தான் வருகிறது. அவருக்கும் முதுகில் தாள் வைத்துத்தான் அனுப்பினார் லாண்டரிக்காரர். அவர் எல்லாரையும் ஒரே மாதிரி மடிப்பவர்.

கதவைத் திறந்தவர் கையிலேயே தாள் இருந்தது.

“நீதானா? உக்காரச் சொல்லமாட்டேன். எம்பேரப் போடலன்னா யாருன்னு தெரியாதா? நாளைக்குக் காலேஜுக்கு வந்து உங்க பிரின்சிபாலப் பாக்கறேன்.”

“வாங்க. எங்க ஆசிரியைக்கு உங்களையும் பாக்கணும்னுதான் இருக்கும்.”

“ரூல்னு ஒண்ணு இருக்கு. கதவுல சத்தம் வந்தா செக் பண்ணணும்.”

“பையக் கொட்டறது ரூல். சட்டையக் கழட்டச் சொல்றது எந்த ரூல் சார்? அத்தன பேர் நின்ன எடத்துல?”

“இத பாரு. பிளேடு பாக்கெட் கெடச்சதும் நான் உங்கப்பா மேல ஒரு நடவடிக்கையும் எடுக்கலியே! அவராத்தான் வேலைய விட்டாரு.”

“எங்க கெடச்சுது?”

அவர் கதவுப் பிடியில் கை வைத்தார்.

“எங்க கெடச்சுது சார்? வாசல்கிட்ட நின்ன, திருப்பிக் குடுத்த சாமான் கெடக்கற டிராலியில. உங்காளுங்க போட்டது. அதுக்கப்புறம் அவர்கிட்ட வந்து ஒரு வார்த்த பேசினீங்களா? அத்தன பேர் முன்னாடி கழட்டச் சொன்னீங்களே, அத்தன பேர் முன்னாடி, ‘தப்பு எங்களுதுதான், சட்டைய மாட்டிக்கங்க’ன்னு சொன்னீங்களா?”

அவள் தாளுக்காகக் கையை நீட்டியிருந்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

“வேண்டாம். அது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

நான்கு மாடியையும் அவள் படியில் இறங்கி ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்க அவளுடைய கோபத்துக்குப் பொறுமையில்லை.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அப்பா வந்துவிட்டிருந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா சமையலறை வாசலில், ஒட்டவைத்தது மாதிரி நின்றாள். மேசைமேல் ஒரு தாள் இருந்தது.

அவர்கள் கணக்கில் வராத தாள் அது. காலையில் டிப்போவுக்குப் போகும் வழியில் லாண்டரியில் தன் நீலச் சட்டையை அப்பா தானே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே போய்த்தான் மாற்றுவார். டயர் கழற்றுகிற இடத்தில் ஐந்து பேர் நடுவில் நின்று சட்டையை உதறியபோது அது கீழே விழுந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவர் எடுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது உங்க பொண்ணு பேரு மாதிரி இருக்கே?” என்று கேட்டாராம்.

“அப்பா...”

“அவன் என் பைய ஒரு தடவதான் தெறந்தான்,” என்றார் அப்பா. “நீ முப்பது தடவ தெறந்துட்ட.”

“அது மெஷின் தப்புப்பா. ஒரு காப்பிதான்...”

“ஒண்ணுன்னா சரியா? முழங்கால் பட்ட, சோப்பு, மாத்திர, பனியன் ஓட்ட. எத்தன ஓட்டன்னு எண்ணி எழுதியிருக்க. அவன்கூட இவ்வளவு பாக்கலம்மா.”

“நான் உங்க பக்கத்துலேர்ந்துதான் எழுதினேன்!” அவள் குரல் உயர்ந்துவிட்டது. “கோபத்துல எழுதினேன். உங்களுக்காக!”

“எம் பக்கத்துலயா?” அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீ எங்க நின்ன?”

பதிலையும் அவரே சொன்னார்.

“கண்ணாடிக் கதவுகிட்ட. கூட மூணு பொண்ணுங்க. உங்கையில ஆரஞ்சு ஜூஸ் பாட்டில். ஒரு பொண்ணு என்னக் காட்டி உங்கிட்ட என்னமோ கேட்டா. நீ தலைய ஆட்டின.”

அந்தப் பெண் கேட்டது ‘யாருடி அது, உனக்குத் தெரியுமா?’. அவள் சொன்னது ‘தெரியல’. இதை அவள் இந்த இரண்டு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

“பாத்தீங்களா?” என்றாள், மிகவும் மெதுவாக.

“எம்பொண்ணு எந்தக் கூட்டத்துல நின்னாலும் எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏம்ப்பா ஒரு நாள்கூடக் கேக்கல?”

“நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்.” அப்பா குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். “சொல்லிட்ட. தெருவுக்கு.”

அம்மா அதற்குமேல் தாங்கவில்லை. மகளை இரண்டு திட்டு, புருஷனை நான்கு திட்டு, மேனேஜரை எண்ணிக்கையில்லாமல் திட்டித் தீர்த்தாள். கடைசியில் தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, “ராசா, ராசான்னு நான்வேற...” என்று பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு அவள் வாயில் யாரும் கேட்டதில்லை.

வக்கீலம்மா தன் அறையில் நான்காம் பக்கத்தை எடுத்து எண்ணிப் பார்த்தாள், படத்தை எண்ணியது போலவே. மொத்தம் பதினான்கு வாக்கியம். பத்தில் அப்பாவின் பையும் உடம்பும். மூன்றில் மேனேஜர். ஒன்றில் ‘எல்லாரும் பார்த்தார்கள்’. அந்த எல்லாருக்கும் முகமில்லை. மூன்று பக்கம் முழுக்க அந்த டைரக்டரைத் திட்டிவிட்டு, நான்காம் பக்கத்தில் அவளும் கேமராவைப் பின்பக்கமாகத்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். தன்மேலேயே வந்த கோபத்தில் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள். கிழித்தும் ஆறவில்லை.

விடிந்ததும் உட்கார்ந்து புதிதாக எழுதினாள். பை இல்லை, பனியன் இல்லை. அப்பா இருக்கிறார் என்பதற்கு ஒரே வாக்கியம். மற்றதெல்லாம் முகங்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு கவுண்டருக்கு நகர்ந்த டியூஷன் டீச்சர். விஷயத்தைக் கேள்விப்பட்டு நாகரிகமாக வாயை மூடிக்கொண்ட தபால் அதிகாரி. சோப்புத்தூள் மூட்டை வாங்க வந்து, மூட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்ட லாண்டரிக்காரர். இதை அவர்தான் முந்தின நாள் திட்டு தாங்காமல் உளறியிருந்தார். டிராலியில் பொருள் கிடைத்ததும் அடுத்த வேலையைப் பார்க்கப் போன மேனேஜர். கடைசியில், ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலோடு கண்ணாடிக் கதவருகே நின்ற ஒரு பெண், அவள் சொன்ன ஒற்றைச் சொல்லோடு.

அதை முதலில் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“லாண்டரியில என் சட்ட இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றார். “போற வழியில எடுத்துப்பேன். அதுக்குள்ளயும் ஒண்ணு வெக்கச் சொல்லு.”

பிரிண்ட் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

“ஒரு காப்பிதானேம்மா? நல்லாப் பாத்து வெச்சிருக்கேன், ஒண்ணுன்னு,” என்றார் அவர், பாவம்போல.

“முப்பது போடுங்க.”

“என்னம்மா இது, ஏற்கெனவே...”

“கடைசிப் பக்கம் மட்டும் முப்பது.”

லாண்டரிக்காரர் இந்தத் தடவை படித்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தாளை வைப்பதற்கு முன்னால் படித்தார். சோப்புத்தூள் மூட்டை வருகிற வரியில் முகம் கறுத்துவிட்டது. “இத நான் வெக்கமாட்டேன். கஸ்டமர் ஒருத்தர் வரமாட்டாங்க,” என்றார்.

“நேத்து மட்டும் வெச்சியேய்யா, அப்ப கஸ்டமர் வராமப் போயிட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே அம்மா உள்ளே நுழைந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுக்கியிருந்த சட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தாளாக அவளே வைத்து மடித்தாள். மடிப்பு கொஞ்சம் கோணல்தான். லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பழக்கம்தானே.

கட்டுரைக்கு நடுத்தரமான மதிப்பெண்தான் வந்தது. மேற்கோள் நூல்பட்டியல் இல்லையாம். மேனேஜர் கல்லூரிக்கு வரவில்லை. இரண்டு மாதத்தில் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகிற அன்று லாரியில் சாமான் ஏறும்போது டிப்போவிலிருந்து அப்பா வந்துகொண்டிருந்தார். மேனேஜர் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டதைத் தெருவே பார்த்தது. டியூஷன் டீச்சர் மகன் கல்யாணத்துக்கு எல்லா வீட்டுக்கும் பத்திரிகை வைத்தார், வக்கீலம்மா வீட்டைத் தவிர. தபால் அதிகாரி மகள் வீட்டோடு போய்விட்டார். லாண்டரிக்காரர் இப்போது கடையிலிருந்து வெள்ளை அட்டை வாங்கி வைக்கிறார். மச்சானும் அவரும் பேசிக்கொள்வதில்லை.

வக்கீலம்மா படிப்பை முடித்து எடிட்டிங் வேலைக்கு வெளியூர் போனாள். அங்கேயே ஒலிப்பதிவு செய்கிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளைவிட அவன் குறைவாகப் பேசுவான். அவன் மேல் இதுவரை வேறெந்தப் புகாரும் காதுக்கு எட்டவில்லை. அப்பாவும் அம்மாவும் டிப்போ குடியிருப்புக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் காலி செய்த வீட்டில் இப்போது டியூஷன் டீச்சரின் மகனும் புது மருமகளும் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சட்டைகளை அவர்களேதான் தேய்த்துக்கொள்கிறார்கள்.